தொழுகையில் உள்ளம் நிற்க

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டையொட்டி நடைபெற்ற ஒன்றுகூடலில், முஸ்லிம் அங்கத்தவர் நால்வர் சேர்ந்து தயாரித்து வாசித்த உரை)

 



இந்த உரையை நாங்கள் நால்வர் சேர்ந்து எழுதினோம். ஒருவர் வவுனியாவில் இருக்கிறார். ஒருவர் முல்லைத்தீவுக்குத் திரும்பிக் குடியேறியவர். ஒருவர் புத்தளத்திலேயே தங்கிவிட்டவர். மற்றவர் லண்டனில் வாழ்கிறார். ஆகவே "நாங்கள்" என்றே பேசுகிறோம்.

எடுத்துக்கொண்ட விடயம், தொழுகையில் மனதை நிறுத்துவது. பல சமயத்தவரும் கூடியிருக்கும் சபையில் இது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கேள்வியை எங்களிடம் முதலில் கேட்டவரே முஸ்லிம் அல்லாத ஒரு வகுப்புத் தோழிதான்.

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் பின்னேர வகுப்புகள் நடந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். பாடசாலை விட்டு, அடுத்த வகுப்புத் தொடங்குவதற்கிடையில் நாங்கள் லுஹர் தொழவேண்டும். ஆசிரியை ஒருவர் தையல் அறையின் திறப்பைத் தருவார். மெசின்களை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாய் விரிப்போம். அந்தத் தோழி வாசற்படியில் இருந்து தன் சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டபடி, யாரும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வார். சென்ற ஆண்டு கனடாவிலிருந்து வந்திருந்தபோது அவர் கேட்டார்: "அந்த ஐஞ்சு நிமிஷமும் நீங்கள் வேற உலகத்தில நிண்ட மாதிரி இருந்தது. நான் கோயில் வாசலில நிண்டாலும் என்ர மனம் சந்தைக்குப் போகுது. அதை எப்பிடிச் செய்தனீங்கள், எனக்கும் சொல்லித் தாங்கோவன்."

எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. உண்மை என்னவென்றால் அந்த ஐந்து நிமிடமும் எங்கள் மனம் மணி அடிக்கப்போகிறதே என்பதிலும், கணக்குப் பாடத்திலும், அவர் கையிலிருந்த பார்சலின் வாசத்திலுமே இருந்தது. உடல் குனிந்தது, நிமிர்ந்தது. நாக்கு ஓதியது. உள்ளம் வரவில்லை. அவருக்கு நேர்மையான பதில் ஒன்று சொல்லவேண்டும் என்று நால்வரும் பல நாட்கள் பேசியதன் விளைவே இது.

தொழுகையில் இருக்கவேண்டிய உள்ளச்சத்தையும் பணிவையும் அரபியில் 'குஷூஃ' என்பார்கள். அல்குர்ஆனின் 23ஆம் அத்தியாயமாகிய அல்முஃமினூன், வெற்றிபெறும் விசுவாசிகளின் பண்புகளைச் சொல்லத் தொடங்கும்போது முதலில் வைப்பது இதைத்தான். 107ஆம் அத்தியாயமாகிய அல்மாஊன், தொழுதும் தொழுகையில் பராமுகமாக இருப்போரை எச்சரிக்கிறது. சிறுவயதில் குர்ஆன் மத்ரஸாவில் இரண்டையும் ஓதினோம். பொருள் அறிந்தது வளர்ந்த பிறகுதான்.

1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, தமது 'இஹ்யா'வில் தொழுகையின் அகம்பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். தொழுகைக்கு உயிர் கொடுப்பவையாக அவர் ஆறு விடயங்களைச் சொல்கிறார்: உள்ளம் அங்கே இருத்தல், ஓதுவதை விளங்குதல், இறைவனின் மகத்துவத்தை உணர்தல், அச்சம், நம்பிக்கை, நாணம். அதே நூலில் ஒரு கதையும் உண்டு. ஒருவர் மர நிழலில் இருந்து அமைதியாகச் சிந்திக்க விரும்புகிறார். கிளையில் குருவிகள் சத்தமிடுகின்றன. தடியால் துரத்துகிறார். அவை திரும்ப வருகின்றன. மரம் நிற்கும்வரை இந்தத் துரத்தல் முடியாது, மரத்தை வெட்டு என்பதே அவருக்குக் கிடைக்கும் ஆலோசனை. அந்த மரம் உலக ஆசை என்கிறார் இமாம். வயல் காவலுக்கு நின்று கிளி துரத்திய வன்னிப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை எளிதில் விளங்கும்.

ஆனால் இந்தக் கதையில் எங்களுக்குள் ஒரு வாதம் எழுந்தது. எங்கள் மரத்தில் இருப்பதெல்லாம் ஆசைதானா?

1990 ஒக்டோபரில், வடக்கின் 5 மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். தொகை 70,000க்கும் மேல். அப்போது எங்களுக்குப் பதினாறு, பதினேழு வயது. முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு நடந்தோம். வழியில் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கியும், இரண்டு வக்துகளைச் சேர்த்தும் தொழுதோம். தண்ணீர் இல்லாத இடத்தில் மண்ணில் கைபதித்துத் தயம்மும் செய்தோம். பயணிக்கு மார்க்கம் தந்த சலுகைகளைப் புத்தகத்தில் படித்த நாங்கள் அன்றுதான் வாழ்ந்து பார்த்தோம்.

புத்தளத்தில் கிடுகுக் கொட்டில் கிடைத்தது. எங்களில் ஒருவரின் உம்மும்மாவுக்கு ஒரு பழக்கம். பாங்கு சொல்லி முடிந்ததும் பாயில் வந்து இருப்பார். உடனே எழும்பித் தக்பீர் கட்டமாட்டார். கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார்.

"உம்மும்மா, வக்து வந்திட்டுது. தொழுங்கோவன்."

"மனசு இன்னும் வந்து சேரேல்லை மகள். அது தண்ணீரூற்றில நிக்குது. வரட்டும்."

அன்று அதை நாங்கள் கிழவியின் புலம்பல் என்றே நினைத்தோம். இன்று பார்த்தால், குஷூஃ பற்றி எங்களுக்குக் கிடைத்த மிகத் தெளிவான பாடம் அது. மனம் எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதை அவர் திட்டவில்லை, துரத்தவில்லை. வரும்வரை காத்திருந்தார். ஊர் நினைவை உலக ஆசை என்று வெட்டியெறியச் சொல்ல எங்களால் முடியாது. 2009இல் முள்ளிவாய்க்காலைக் கடந்து, செட்டிகுளத்து முகாம்களில் இருந்து வந்த எங்கள் தமிழ்ச் சகோதரிகளுக்கும் இது நன்றாகத் தெரியும். வெட்ட முடியாத மரமும் உண்டு. அதன் கீழ் இருந்தபடியே எப்படித் தொழுவது என்பதுதான் எங்கள் கேள்வி.

நாங்கள் கடைப்பிடித்துப் பயன் கண்ட சிலவற்றைச் சொல்கிறோம். இவை பெரிய வித்தைகள் அல்ல.

முதலாவது, உம்மும்மாவின் வழி. பாயில் ஏறியதும் கை கட்டாமல் இரண்டு நிமிடம் இருப்பது. உளூச் செய்வதையும் அவசரக் கழுவலாக்காமல் தொழுகையின் வாசற்படியாகக் கொள்வது. குழாயை மெல்லத் திறந்து, ஒவ்வொரு உறுப்பையும் நிதானமாகக் கழுவினால் பாதி மனம் அங்கேயே வந்துவிடும்.

இரண்டாவது, தவிர்க்கக்கூடிய இடைஞ்சலை முன்கூட்டியே தவிர்ப்பது. உணவு பரிமாறப்பட்டிருந்தால் முதலில் உண்ணும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக ஹதீஸ் உண்டு. கோலமிட்ட ஓர் ஆடை தொழுகையில் தம் கவனத்தை ஈர்த்ததென்று அதை அபூ ஜஹ்ம் என்பவரிடமே திருப்பி அனுப்பியதாகவும் உண்டு. அவர்களுக்கே அப்படியென்றால் நாங்கள் எம்மாத்திரம்? அடுப்பை அணைத்துவிட்டு வாருங்கள். பூவேலை நிறைந்த முசல்லாவுக்குப் பதில் வெறும் பாய் போதும். கைத்தொலைபேசியில் பாங்கு கேட்பதும் கிப்லா பார்ப்பதும் நல்லதுதான். பார்த்தபின் அதை அடுத்த அறையில் வையுங்கள். கவிழ்த்து வைத்த தொலைபேசியும் மனதுக்குள் மணி அடிக்கும்.

மூன்றாவது, பொருள் அறிவது. ஒரு நாளின் பர்ளுத் தொழுகைகள் 17 ரக்அத்துகள். ஆகவே பாத்திஹா சூராவைக் குறைந்தது 17 தடவை ஓதுகிறோம். அதில் 7 வசனங்கள். வாரத்துக்கு ஒரு வசனத்தின் தமிழ்ப் பொருளை மனதில் பதித்தால் 7 வாரத்தில் முடிந்துவிடும். நாங்கள் நால்வரும் இதைச் செய்தோம். நாற்பது வருடம் வாயில் இருந்த சொற்கள் புதிதாகக் கேட்டன. அதன்பின், எப்போதும் ஓதும் இரண்டு சின்னச் சூராக்களை மாற்றி வேறொன்றைப் பாடமாக்குங்கள். பழகிய பாதையில்தான் கால் நடக்க மனம் தூங்குகிறது.

நான்காவது, நிதானம். அவசரமாகத் தொழுத ஒருவரை நபியவர்கள் மூன்று தடவை திருப்பி அனுப்பி, மீண்டும் தொழச் சொன்ன சம்பவம் பிரசித்தமானது. ருகூஃவிலும் ஸஜ்தாவிலும் உடல் ஓய்ந்து நிற்பது ஷாபிஈ மத்ஹபில் தொழுகையின் கடமைகளுள் ஒன்று. உடலை நிறுத்தப் பழகாமல் மனதை நிறுத்த முடியாது.

ஐந்தாவது, மனம் போனால் திரும்பக் கூட்டி வருவது. "இன்றைக்கும் போச்சு" என்று தொழுகையிலேயே நம்மை நாமே ஏசிக்கொள்வதும் ஒரு கவனச்சிதறல்தான். எத்தனை ரக்அத் என்று சந்தேகம் வந்தால் குறைந்த எண்ணிக்கையை எடுத்து, மீதியைத் தொழுது, மறதிக்கான இரண்டு ஸஜ்தா செய்ய மார்க்கமே வழி வைத்திருக்கிறது. மறக்கும் மனிதருக்குத்தானே அந்தச் சட்டம்!

பிள்ளைக்குட்டிக்காரிகளுக்கு ஒன்று. குழந்தை அழும் சத்தம் கேட்டுத் தாயின் மனம் தவிக்குமே என்று நபியவர்கள் தொழுகையைச் சுருக்கினார்கள். பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடியும் தொழுதிருக்கிறார்கள். பிள்ளை முதுகில் ஏறினால் குஷூஃ போய்விட்டது என்று கலங்கவேண்டாம். தொழுகை இல்லாத நாட்களிலும் அந்த நேரத்தில் பாயில் ஐந்து நிமிடம் இருந்து திக்ர் செய்யலாம். பழக்கம் அறுபடாது.

புலம்பெயர்ந்த சகோதரிகளின் சிரமம் வேறு. லண்டனில் ஜூன் மாதத்தில் இஷா இரவு பத்தரைக்கும் பின்னர். டிசெம்பரில் மஃரிப் பின்னேரம் நான்கு மணிக்கும் முன்னர். வேலைத்தளத்தில் களஞ்சிய அறையிலும் படிக்கட்டின் கீழும் தொழுகிறார்கள். எங்கள் லண்டன் தோழி சொல்வது: "தொழும் இடத்தை மாற்றாதீர்கள். எவ்வளவு சின்ன மூலையானாலும் ஒரே மூலை. அங்கே போனதும் மனதுக்குத் தெரிந்துவிடும்."

கடைசியாக ஒரு கனமான விடயம். எங்களில் சிலருக்குத் தொழுகையில் நின்றதுமே பழைய சத்தங்கள் கேட்கும், காணாமற்போனவர் முகம் தெரியும். அதைப் பாவமென்று எண்ணவேண்டாம். ஸலாம் கொடுத்தபின் கையேந்தி, எங்கள் தமிழிலேயே, பெயர் சொல்லி இறைவனிடம் முறையிடலாம். அப்படியும் தாங்க முடியாவிட்டால் வைத்தியரையோ உளவளத்துணையாளரையோ நாடுவதில் ஒரு குறையும் இல்லை.

தோழிக்கு நாங்கள் எழுதிய பதில் சுருக்கமானது: "நாங்கள் வேறு உலகத்தில் நிற்கவில்லை. உன் சோற்றுப் பார்சலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். ஆனால் நீ வாசலைக் காத்திருக்காவிட்டால் அந்த ஐந்து நிமிடமும் கிடைத்திராது. இப்போதுதான் பழகுகிறோம். நீயும் கோயிலுக்குப் போனால் உடனே கும்பிடாதே. மனம் வந்து சேரும்வரை மண்டபத்தில் கொஞ்ச நேரம் இரு."

இந்த நூற்றாண்டில் எங்கள் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். எங்கள் பிள்ளைகளுக்காகப் பாடசாலையில் ஓர் அமைதியான அறை வேண்டும். எந்தச் சமயத்துப் பிள்ளையும் பத்து நிமிடம் மனதோடு இருக்க ஓர் இடம். அதற்கான பாய்களையும் ஓர் அலுமாரியையும் நாங்கள் நால்வரும் தருகிறோம். திறப்பை மட்டும், அன்று எங்கள் ஆசிரியை தந்ததுபோல, கேட்கும் பிள்ளையின் கையில் கொடுங்கள்.