வார்டில் நிற்கும் மாணவி



காலையில் எந்தப் பெரிய மருத்துவமனை வார்டுக்குள் போனாலும், பி.பி. கருவியும் நோட்டுமாகக் கட்டில் கட்டிலாக நகரும் செவிலியர் மாணவிகளைப் பார்க்கலாம். முதலாண்டு மாணவிகளில் பலருக்கு 18, 19 வயதுதான். பட்டப்படிப்பு என்றால் நான்கு ஆண்டு, டிப்ளமா என்றால் மூன்று. அந்தக் காலமெல்லாம் அவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்களா?

கவலைகளுக்குக் குறைவில்லை. தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைக்கு உடற்கூறு இயல் ஆங்கிலத்தில் மலையாக நிற்கும். கட்டணம், ஹாஸ்டல் சாப்பாடு, தூக்கம், வீட்டு நினைவு எல்லாம் உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2022-இல் வந்த புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் கைச்செலவுக்கு உதவுகிறது. ஆனாலும் ஒரு மாணவியின் மனநிறைவு பெரும்பாலும் வார்டில்தான் முடிவாகிறது என்பேன்.

முதல்முறை ஊசி போடுகிறாள். கை நடுங்குகிறது. பக்கத்தில் நிற்கும் சீனியர் சிஸ்டர், "பதறாதேம்மா, நான் இருக்கேன்" என்றால் அவள் அன்றைக்கே பாதி செவிலியர் ஆகிவிடுகிறாள். நோயாளி முன்னாலேயே "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டால், மறுநாள் டூட்டிக்குக் கிளம்பவே கால் வராது.

இன்னொன்றை நாம் பேசுவதே இல்லை. நேற்று உடம்பு துடைத்துவிட்ட தாத்தாவின் கட்டிலில் இன்று வேறு ஒருவர் படுத்திருக்கிறார். தாத்தா இரவே போய்விட்டார். அவள் கையைக் கழுவிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போக வேண்டும். அன்று மாலை அவளை உட்காரவைத்து, "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்க ஓர் ஆசிரியர் வேண்டும். வகுப்பு அட்டவணையில் அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

செவிலியர் கல்வி நமக்குப் புதிதல்ல. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் அதன் நிறுவனர் இடா ஸ்கடர் 1909-லேயே நர்சிங் பள்ளி தொடங்கினார். 1946-இல் அங்கே பட்டப்படிப்பும் வந்துவிட்டது. இத்தனை காலம் ஆகியும், ஆள் பற்றாத இடத்தை நிரப்பவே மாணவிகளைப் பயன்படுத்தும் பழக்கம் சில இடங்களில் போகவில்லை. கற்க வந்தவளுக்குக் கற்றுக்கொடுக்காமல் வேலை மட்டும் வாங்குவது அநியாயம்.

வார்டுப் பொறுப்பில் இருக்கும் சகோதரிகளே, திருத்த வேண்டியதைத் தனியே அழைத்துத் திருத்துங்கள். நேயர்களே, அடுத்தமுறை மருத்துவமனைக்குப் போகும்போது உங்களுக்கு பி.பி. பார்க்கும் அந்தப் பெண்ணின் பெயரைக் கேளுங்கள். பெயர் சொல்லி ஒரு நன்றி சொல்லுங்கள்.