கம்பி இல்லாத அறைகள்



அமெரிக்காவில் மிசௌரி என்றொரு மாநிலம். அங்கே பூன்வில் என்ற ஊரில், தவறு செய்த சிறுவர்களுக்கென ஒரு பள்ளி இருந்தது. பெயர்தான் பள்ளி. உள்ளே நூற்றுக்கணக்கான பையன்கள். அடி, உதை, தனியறைப் பூட்டு. 1983-ல் அதை மூடினார்கள்.

மூடிவிடலாம். பிள்ளைகளை எங்கே வைப்பது?

இங்கேதான் மார்க் ஸ்டூவர்ட் என்ற அதிகாரியை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். பெரிய கட்டடம் வேண்டாம், சின்னச் சின்ன இல்லங்கள் போதும் என்ற வழியை மாநிலம் முழுக்க வேரூன்றச் செய்தவர் அவர். ஒரு குழுவில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள்தான். கம்பி போட்ட அறை இல்லை. சீருடை இல்லை. சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே இல்லம். அப்போதுதானே பெற்றவர்கள் வந்து பார்க்க முடியும்?

சரி, ஒரு பையனுக்குக் கோபம் தலைக்கேறினால்?

அடுப்பில் பால் பொங்கினால் மூடியைப் போட்டு அழுத்துவோமா? தீயைத்தானே குறைப்போம். அங்கேயும் அப்படித்தான். எந்தப் பிள்ளையும், எந்த நேரத்திலும், "வட்டம்" என்று அழைக்கலாம். எல்லோரும் கைவேலையை விட்டுவிட்டு வட்டமாகக் கூடுவார்கள். பேசுவார்கள். கேட்பார்கள். முக்கியமாக, கேட்பார்கள்.

மாநிலத்தின் சிறுவர் சீர்திருத்தத் துறையைப் பதினேழு ஆண்டுகள் நடத்தி, 2005-ல் ஓய்வு பெற்றார் ஸ்டூவர்ட். மூன்று ஆண்டுகளில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் விருது அந்தத் துறைக்குக் கிடைத்தது. அவரோ வீட்டில் உட்காரவில்லை. லூசியானா, வாஷிங்டன் என்று மற்ற இடங்களின் சிறுவர் இல்லங்களைத் திருத்தக் கிளம்பிவிட்டார்.