கடன் அடைந்த வீட்டுக்குக் காவல் யார்?

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் 1975 முதல் 1978 வரை இங்கே பி.காம். படித்தவன். அப்போது ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் எல்லாமே சேலம் ஜில்லாதான். 1997-ல்தான் நாமக்கல் தனி மாவட்டமானது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தூங்கியவன் என்று என்னைப் பற்றிச் செயலாளர் சொன்னார். உண்மைதான். ஆனால் தூங்கி எழுந்து போய், பொதுத்துறை ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனேன். அதனால் "வயசானவங்களுக்கு உபயோகமா பத்து நிமிஷம் பேசு" என்று உத்தரவு. வயசானவங்க என்றால் யார் என்று கேட்கவில்லை. கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன்.

காலையில் டீ குடிக்கும்போது நம் செட் ஆட்களிடம் ஒரு சின்னக் கணக்கெடுப்பு நடத்தினேன். "சொந்த வீடு இருக்கறவங்க கை தூக்குங்க" என்றேன். இருபத்து மூன்று பேரில் இருபத்திரண்டு கை. "கார், பைக்குக்கு இன்சூரன்ஸ் கட்டறவங்க?" எல்லாக் கையும் மேலே. "வீட்டுக்கு?" இரண்டே கை. அந்த இரண்டு பேருக்கும் பேங்க் லோன் இன்னும் பாக்கி இருக்கிறது. பேங்க்காரர் எழுத வைத்த பாலிசி அது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, கவனியுங்கள். லோன் இருக்கிற வரை வீடு பாதி பேங்க்குடையது. அதனால் பேங்க் அதைப் பாதுகாக்கிறது. கடைசித் தவணை கட்டி, பத்திரத்தை வாங்கி வந்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிடுகிறோம். அன்றைக்குத்தான் வீடு முழுக்க நம்முடையது ஆகிறது. அதற்கப்புறம் பாலிசியைப் புதுப்பிக்கச் சொல்லி நினைவுபடுத்த யாரும் இல்லை. பி.எஃப். பணம், கிராஜுட்டி, அம்மணியின் நகை எல்லாம் கரைந்து செங்கல்லாக நிற்கிற வீட்டுக்கு, திரும்பச் சம்பாதிக்க முடியாத வயதில், காவல் இல்லாமல் போகிறது.

"நான் அடுப்பைப் பார்த்துத்தான் அணைக்கறேன், எனக்கு என்ன வரப்போகுது?" என்று நம்ம ஆள் ஒருத்தர் கேட்டார். நம் அடுப்பை நாம் பார்த்துக்கொள்ளலாம், பக்கத்து வீட்டு அடுப்பை யார் பார்ப்பது? 2021 நவம்பர் 23-ஆம் தேதி காலை சேலம் கருங்கல்பட்டியில் ஒரு வீட்டில் கேஸ் சிலிண்டர் வெடித்தது. அந்த வீட்டோடு நிற்கவில்லை, ஒட்டியிருந்த வீடுகளும் இடிந்து விழுந்தன, உயிர்களும் போயின. 2022 டிசம்பர் 31 அதிகாலையில் மோகனூரில், வீட்டில் வைத்திருந்த பட்டாசு வெடித்து நான்கு பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் பக்கத்து வீட்டு மூதாட்டி. அதே 2022 ஆகஸ்டில் மேட்டூர் அணையிலிருந்து விநாடிக்கு இரண்டு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தபோது குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையோர வீடுகளுக்குள் காவிரி புகுந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களும் கரையோரக்காரர்களும் தங்கள் கவனக் குறைவால் இதில் சிக்கவில்லை.

"கேஸ் கனெக்‌ஷனுக்கே இன்சூரன்ஸ் உண்டாமே" என்பார்கள். உண்டு. எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருக்கும் பாலிசி அது. ஆனால் அதில் சொத்துச் சேதத்துக்கு ஒரு விபத்துக்கு அதிகபட்சம் 2 லட்சம் ரூபாய்தான். அதுவும் கனெக்‌ஷன் பதிவான வீட்டுக்கு. இன்றைய கொத்தனார் கூலிக்கு இரண்டு லட்சத்தில் ஒரு சமையலறை கட்டி முடிக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

சரி, என்ன பாலிசி எடுப்பது? இப்போது இது சுலபம். 2021 ஏப்ரல் 1 முதல் எல்லா ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் "பாரத் கிருஹ ரக்ஷா" என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியைத் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சொல்லிவிட்டது. எந்தக் கம்பெனியில் கேட்டாலும் அடிப்படை விதிகள் ஒன்றுதான். பிரீமியம் மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசப்படும். தீ, வெடிப்பு, இடி மின்னல், புயல், வெள்ளம், நிலச்சரிவு, நிலநடுக்கம், கலவரம், மரமோ வண்டியோ வந்து மோதுவது, தண்ணீர்த் தொட்டியும் குழாயும் வெடிப்பது, இவ்வளவும் அதற்குள்ளேயே வருகிறது. நிலநடுக்கத்துக்குத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியதில்லை. "நம்ம ஊர்ல ஏது நிலநடுக்கம்" என்று சிரிக்காதீர்கள். 2002-ல் வந்த இந்திய நிலநடுக்கத் தரநிலையில் சேலம் மூன்றாம் மண்டலத்தில் இருந்தது.

அடுத்தது, எவ்வளவுக்கு எடுப்பது. இங்கேதான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். "என் வீடு ஒரு கோடிக்குப் போகும், ஒரு கோடிக்கு இன்சூரன்ஸ் கட்ட என்னால ஆகாது" என்று விட்டுவிடுகிறார்கள். ஐயா, அந்த ஒரு கோடியில் முக்கால்வாசி மண்ணின் விலை. மண் எரியாது, இடியாது. கட்டடத்துக்கு மட்டும்தான் இன்சூரன்ஸ். சுவர்களுக்கு உள்ளே நாம் புழங்கும் பரப்பை, இன்றைக்குக் கட்டினால் ஆகும் செலவால் பெருக்கினால் தொகை வந்துவிடும். ஒரு கணக்குக்காக 1,000 சதுர அடி, சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 20 லட்சம். அந்த அளவுக்கு ஆண்டுப் பிரீமியம் பெரும்பாலும் ஒரு நல்ல ஜவுளிக்கடைப் பில்லை விடக் குறைவாகத்தான் இருக்கும். வீடு கட்டி நாற்பது வருஷம் ஆயிற்றே என்று தயங்க வேண்டாம். கட்டின வருஷத்துச் செலவு கணக்கில்லை, இன்றைய கட்டுமானச் செலவுதான் கணக்கு. ஓட்டு வீட்டுக்கும் கிடைக்கும். ஓலை, புல், பலகை, தார்ப்பாய்க் கூரை என்றால் அதற்கு வேறு விகிதம்.

பழைய பாலிசிகளில் ஒரு கத்தி இருந்தது. 20 லட்சம் பெறுமான வீட்டை 10 லட்சத்துக்கு எழுதியிருந்தால், 4 லட்சம் சேதம் வந்தாலும் "நீ பாதிக்குத்தானே எழுதினாய்" என்று 2 லட்சம்தான் கொடுப்போம். நானே எத்தனையோ பேருக்கு அப்படிக் கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறேன். திட்டு வாங்கியிருக்கிறேன். இந்தப் புதிய பாலிசியில் அந்தக் கத்தி இல்லை. ஆனால் வீடு முழுக்கவே போய்விட்டால் எழுதிய தொகைக்கு மேல் வராது. அதனால் குறைத்து எழுதாதீர்கள்.

கட்டடத்தோடு வீட்டுச் சாமானுக்கும் சேர்த்து எடுத்தால், கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, பட்டியல் கொடுக்காமலே சாமான்களுக்கு வந்துவிடும். வாடகை வீட்டில் இருப்பவர் சாமானுக்கு மட்டும் எடுக்கலாம். நகைக்குத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். கணவன் மனைவிக்கு விபத்துக் காப்பும் விருப்பப்பட்டால் உண்டு. வீட்டுக்கு வரும் அந்த ஆபத்திலேயே உயிர் போனால் ஆளுக்கு 5 லட்சம். வீடு குடியிருக்க முடியாமல் போனால் வேறு வீட்டுக்குக் கொடுக்கும் வாடகைக்கும் வழி இருக்கிறது.

நம் வயதுக்காரர்களுக்கு நான் முக்கியமாகச் சொல்வது, இந்தப் பாலிசியைப் பத்து வருஷம் வரை ஒரே தடவையில் எடுக்கலாம். மாத்திரை போட்டோமா என்பதே ஞாபகம் இல்லாத காலத்தில் வருஷா வருஷம் தேதி ஞாபகம் வைப்பது யார்? நீண்ட கால பாலிசியில் கட்டடத் தொகை ஆண்டுக்கு 10 சதவீதம் தானாகவே கூடும். சிமெண்ட் விலை ஏறினாலும் ஓரளவு ஈடு கொடுக்கும்.

கிடைக்காததையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் ஏஜென்ட் மாதிரி ஆகிவிடுவேன். கரையான், ஓதம், வயசாகி விரிசல் விட்ட சுவர் இதற்கெல்லாம் பணம் வராது. அது பராமரிப்பு. மின்கசிவில் தீப்பிடித்து வீடு எரிந்தால் உண்டு, கசிவில் புகைந்துபோன அந்த மோட்டாருக்கு இல்லை. சாதாரணத் திருட்டு இதில் வராது. மேலே சொன்ன ஆபத்து ஏதாவது நடந்து ஏழு நாளுக்குள் திருடு போனால்தான் உண்டு. நம்மில் பாதிப்பேர் பிள்ளைகளைப் பார்க்க பெங்களூர், அமெரிக்கா என்று மாசக்கணக்கில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறோம். அவர்கள் கன்னக்களவுப் பாலிசி தனியாகக் கேட்டு வாங்குங்கள். வீட்டைப் பூட்டிப் போவதையும், வாடகைக்கு விடுவதையும் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் படித்தே தெரிந்துகொள்ளலாம். கடைசியாகச் சொல்லப்போவது நான் அடிபட்டுத் தெரிந்துகொண்டது.

ராசிபுரம் பக்கத்தில் என் அக்கா இருக்கிறார். ஓட்டு வீடு, பின்னால் நாலு தென்னை. மச்சான் தவறிப் பல வருஷம் ஆகிறது. அவர் இருக்கும்போதே அந்த வீட்டுக்கு நான்தான் பாலிசி எழுதிக் கொடுத்தேன். அவர் போன பிறகும் வருஷா வருஷம் நானே பணம் கட்டிப் புதுப்பித்தேன், அவர் பேரிலேயே. பேரை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? என் உத்தியோகமே அதுதானே. ஒரு தடவை பேச்செடுத்தேன். "உங்க மச்சான் பேரு இருந்துட்டுப் போகட்டும் கண்ணு. ரேஷன் கார்டுல எடுத்தாச்சு, கரண்டு பில்லுல எடுத்தாச்சு. இதுலயாவது இருக்கட்டுமே" என்றார். அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. வந்த மாதிரியே திரும்பிவிட்டேன்.

2023 மே மாதம் கோடை மழைக் காற்றில் ஒரு தென்னை சாய்ந்து சமையலறை மேல் விழுந்தது. நல்லவேளை, அக்கா முன்வாசலில் இருந்தார். சர்வேயர் வந்தார், பார்த்தார், சேதம் உண்மைதான் என்று எழுதினார். ஆனால் பணம் யாருக்குக் கொடுப்பது? பாலிசி நடக்கும்போது அதன் சொந்தக்காரர் இறந்தால் மீதிக் காலத்துக்கு வாரிசுகளுக்குக் காப்பு தொடரும். இங்கே நடந்தது அது இல்லை. இறந்தவர் பேரில், இறந்த பிறகு புதுப்பித்த பாலிசி. கம்பெனிக்காரர் கேட்டது நியாயம். வாரிசுச் சான்று, மூன்று பிள்ளைகளின் சம்மதக் கடிதம், அதில் ஒருத்தன் மஸ்கட்டில். என் பழைய சகாக்களிடம் தலை குனிந்து நின்றேன். ஐந்து மாசம் கழித்துப் பணம் வந்தது. அதுவும் அவர்கள் மனது வைத்ததால். அந்த ஐந்து மாசமும், ஆடி மழை முழுக்க, அக்கா தார்ப்பாய்க்கு அடியில் சமைத்தார். நடுவில் ஒரு ஜோடி வளையல் அடகுக்குப் போனது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது பாலிசி அக்கா பேரில், பட்டாவும் மாற்றியாயிற்று. மச்சான் போட்டோ சமையலறையின் புதுச் சுவரில் மாட்டியிருக்கிறது. பேர் இருக்க வேண்டிய இடம் அதுதான், பாலிசி அல்ல என்பது எனக்கு அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதனால் நண்பர்களே, இன்றைக்குச் சாப்பாடு முடிந்து வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து மூன்று காகிதத்தை எடுங்கள். பத்திரம் யார் பேரில், வீட்டுவரி ரசீது யார் பேரில், பாலிசி இருந்தால் அது யார் பேரில் என்று பாருங்கள். மூன்றிலும் உயிரோடு இருப்பவர் பேர் இருக்கட்டும். பாலிசி எங்கே இருக்கிறது என்று வீட்டம்மாவுக்கும் ஒரு பிள்ளைக்கும் காட்டுங்கள். வீட்டை உள்ளும் புறமும் போட்டோ எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பிவையுங்கள். சேதம் வந்தால் உடனே கம்பெனிக்குத் தகவல் கொடுங்கள். சர்வேயர் பார்க்கும் முன் இடிந்ததை அள்ளிக் கொட்டிவிடாதீர்கள். கம்பெனி பதில் நியாயமாகப் படவில்லை என்றால் சென்னையில் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

நாம் இங்கே படித்தபோது நம்மிடம் இருந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு சைக்கிளும்தான். இன்றைக்கு ஆளுக்கு ஒரு வீடு இருக்கிறது என்றால் அது இந்தக் கல்லூரி போட்ட பிச்சை. அதைப் பத்திரமாக வைத்து அடுத்த தலைமுறை கையில் கொடுப்போம். அடுத்த வருஷம் இதே டீக்கடையில் இதே கேள்வியைக் கேட்பேன். இருபத்திரண்டு கையும் மேலே வர வேண்டும்.