உப்பு எங்கே போகிறது?
(நெம்மேலி கடல்நீர் ஆலைக்குச் சென்று வந்த குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நெம்மேலி போய் வந்ததிலிருந்து பிள்ளைகள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: உப்பு எங்கே போகிறது? ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அந்த நீரைப் பெரும் அழுத்தத்தில் மெல்லிய சவ்வுக்குள் தள்ளுகிறார்கள். தண்ணீர் புகுந்துவிடும், உப்பு நின்றுவிடும். எடுக்கும் நீரில் பாதிக்கும் குறைவாகத்தான் குடிநீர். மீதி இன்னும் கரிப்பாகிக் கடலுக்கே திரும்புகிறது.

அங்கே கடல் இருக்கிறது. நமக்கு? வாணியம்பாடி, ஆம்பூர் தோல் ஆலைகளின் கழிவுநீரையும் இதே சவ்வு முறையில்தான் சுத்தம் செய்கிறார்கள். பிரித்த உப்பைக் கொட்ட இடமில்லை. நம்மில் பலர் வீட்டு அடுப்பு அந்தத் தொழிலில்தான் எரிகிறது. அதற்காக இதைப் பேசாமல் இருக்க முடியாது.

நெம்மேலியில் 2013இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் ஆலை வந்தது. 2024 பிப்ரவரியில் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று. இம்மாதிரி ஆலைகளில் ஆயிரம் லிட்டர் நன்னீருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் போகிறது.

இப்போது ஜவ்வாது மலையைப் பாருங்கள். அங்கே பெய்யும் மழை செய்யாற்றில் இறங்கி, பாலாற்றில் சேர்ந்து, கல்பாக்கம் பக்கம் வாயலூரில் கடலில் கலக்கிறது. நெம்மேலிக்கும் அதற்கும் அதிக தூரமில்லை. இனிப்பாக இறங்கிய நீரைக் கடலில் விட்டு, அதே கரையில் மின்சாரம் கொடுத்து மீட்கிறோம். மழைநீர் கரிக்காமல் இறங்குவதே அருட்கொடை என்று சூரத்துல் வாகிஆ நினைவூட்டுகிறதே, அந்த இடத்தை ஓதும்போது இனி எனக்கு அந்த மோட்டார் இரைச்சலும் கேட்கும்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்தார்கள் என்று ஹதீஸில் வருகிறது. முக்கால் லிட்டர்கூட இல்லை. நம் பள்ளிவாசல் குழாயை மூன்று நிமிடம் திறந்து வைத்தால் ஒரு குடம் போய்விடும். வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரையாவது வாளியில் பிடியுங்கள். தரை துடைக்க, கழிவறைக்கு ஆகும்.

100 சதுர மீட்டர் மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஆயிரம் லிட்டர். மூன்று யூனிட்டும் வேண்டாம், நான்கும் வேண்டாம். பள்ளிவாசல் மாடியை அளந்து, ஐப்பசி மழைக்கு முன் குழாய் இறக்கித் தொட்டியில் சேர்க்கலாம் என்பது என் யோசனை. கொத்தனார், பிளம்பர் வேலை தெரிந்தவர்கள் ஜும்ஆவுக்குப் பிறகு சற்று இருங்கள்.