டிராக்டரின் கிளச்சு



பாரமேற்றிய வண்டியை மாடுகள் எவ்வாறு கிளப்புகின்றன என்பதைக் கவனித்ததுண்டா? நுகத்தில் கழுத்தைப் பதித்து, பூட்டாங்கயிறு விறைத்த பின்னரே அவை அடியெடுத்து வைக்கும். திடீரென்று பாய்ந்தால் நுகத்தாணி முறியும். டிராக்டரில் இப்பொறுமையை எஞ்சினுக்குக் கற்பிக்கும் கருவியே கிளச்சு.

எஞ்சினின் விசையைப் பின்புறமுள்ள பி.டி.ஓ. தண்டு வெளியே தருகிறது. சுழல் கலப்பை, கதிரடிக்கும் இயந்திரம், நீர்ப் பம்பு ஆகியவை அதனால் இயங்குகின்றன. அதற்குரிய பொது வேகங்களுள் ஒன்று நிமிடத்திற்கு 540 சுற்று. அதாவது நொடிக்கு 9 சுற்று. அசையாது நிற்கும் கனத்த கலப்பையை ஒரே கணத்தில் இவ்வேகத்திற்குக் கொண்டுவர முயன்றால் பற்கள் சிதையும், தண்டு முறுகும். கிளச்சுத் தட்டு முதலில் சற்றே வழுக்கி, பின்னர் இறுகப் பற்றுவதால் வேகம் படிப்படியாக ஏறுகிறது.

ஃபிளைவீலுக்கும் அழுத்தத் தட்டுக்கும் இடையே, வில்களின் விசையால் இத்தட்டு நெருக்கப்பட்டிருக்கிறது. மிதியை அழுத்தினால், ஒரு பேரிங் முன்சென்று நெம்பு விரல்களைத் தள்ளும், பிடி தளரும். இரட்டைக் கிளச்சு உடைய டிராக்டரில் பாதி மிதித்தால் சக்கரங்களுக்குச் செல்லும் விசை மட்டும் நிற்கும். முழுவதும் மிதித்தால் பி.டி.ஓ.வுக்குச் செல்வதும் நிற்கும்.

மிதியின் தொடக்கத்தில் எதிர்ப்பின்றி அசையும் சிறு தூரம் ஒன்றுண்டு. பல டிராக்டர்களில் அது 20 முதல் 30 மில்லிமீட்டர்; உரிய அளவைக் கையேட்டிற் காண்க. தட்டு தேயத் தேய இவ்விடைவெளி குறையும். அது அற்றுப்போனால் பேரிங் விரல்களை ஓயாது அழுத்த, தட்டு வழுக்கிச் சூடேறிக் கருகும். அதிகமானாலோ பிடி முற்றும் விடாது, பி.டி.ஓ. நெம்புகோலைப் போடும்போது பற்கள் கறகறக்கும்.

நான் பணியாற்றிய ஊரில் உழவர் ஒருவர், "ஐயா, கலப்பை மண்ணில் இறங்கினதும் சுற்று குறைகிறது, கருகின வாடை வருகிறது" என்றார். மிதியை அசைத்துப் பார்த்தேன். இடைவெளி சிறிதும் இல்லை. ஓட்டும் பையன் எந்நேரமும் அதன்மேல் காலை வைத்திருப்பதும் தெரிந்தது. இணைப்புக் கம்பியின் பூட்டு நட்டைத் தளர்த்தி, நீளத்தை மாற்றி, அளவு பார்த்து, மீண்டும் இறுக்கினோம். தட்டு முற்றும் கருகாததால் குறை நீங்கிற்று.

இடைவெளி சரியாக இருந்தும் பிடிக்கும்போது அதிர்ந்தால், விரல்களின் உயரம் ஒன்றுக்கொன்று மாறுபட்டிருக்கலாம். தட்டில் எண்ணெய் படிந்திருக்கலாம். அது பட்டறையில் அளவுகோல் கொண்டு செய்ய வேண்டிய பணி.

சரிசெய்த கிளச்சையும் முறையாகவே கையாள வேண்டும். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, கலப்பையைத் தரையினின்று சற்றே உயர்த்தி, மிதியை மெல்ல விடுக. கலப்பை சீராகச் சுழன்ற பின்னரே வேகத்தைக் கூட்டுக.

இறுதியாக ஒன்று. பி.டி.ஓ. தண்டின் வழக்கமான விட்டம் சுமார் 35 மில்லிமீட்டர். சுற்றளவு ஏறத்தாழ 11 சென்டிமீட்டர். நொடிக்கு 9 சுற்றெனில், அதிற் சிக்கிய துணி நொடிக்கு ஒரு மீட்டர் வீதம் சுருட்டப்படும். தோளில் கிடக்கும் இரண்டு மீட்டர்த் துண்டுக்கு இரண்டே நொடி! "நிறுத்து" என்று கூவி முடிப்பதற்குள் காரியம் கைமீறிவிடும். ஆதலின் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, சக்கரத்திற்குக் கட்டை வைத்த பின்னரே அருகிற் செல்லுங்கள். தண்டின் மூடியை ஒருபோதும் கழற்றி வைக்காதீர்கள். உங்கள் வீட்டிலோ அண்டை வயலிலோ டிராக்டர் இருந்தால், இன்று மாலையே அந்த மூடி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் பெரியவர்களிடம் இக்கணக்கைச் சொல்லுங்கள்.