பானை ஓட்டின் கருமைக்குள்



திண்மக் கார்பனைப் பற்றிப் பேசத் திருத்தணி பொருத்தமான ஊர். வடக்கே கிருஷ்ணா நதிக்கரையில் உள்ள கொல்லூர்ச் சுரங்கம் ஒரு காலத்தில் உலகுக்கு வைரம் தந்தது. தெற்கே சிவகங்கையில் தமிழ்நாடு கனிம நிறுவனம் கிராஃபைட் எடுக்கிறது. இவ்வூர்க் கோயிலின் மலைப்படிகளில் பக்தர்கள் ஏற்றும் கற்பூரம் புகைக்கரியை விட்டுச் செல்கிறது. மூன்றிலும் இருப்பது அதே கார்பன் அணு. அணுக்கள் கைகோத்திருக்கும் விதம்தான் வேறு.

மாணவர்கள் இதைப் பெயர்ப் பட்டியலாக மனப்பாடம் செய்வது எனக்கு வருத்தம் தருகிறது. பிணைப்பிலிருந்து தொடங்கினால் பட்டியலே தேவைப்படாது. வைரத்தில் ஒவ்வோர் அணுவும் நான்முகியின் முனைகளை நோக்கி நான்கு அணுக்களுடன் சகப்பிணைப்பால் இணைகிறது. பிணைப்பின் நீளம் 0.154 நானோமீட்டர். எத்திசையிலும் தளர்ச்சி இல்லை. அதனால்தான் அத்தனை கடினம். கிராஃபைட்டில் ஓர் அணுவுக்கு மூன்று பிணைப்புகளே. அறுங்கோணங்களால் ஆன தளம் உருவாகிறது. அங்கே பிணைப்பு 0.142 நானோமீட்டர்தான், வைரத்தைவிடக் குறுகியது, வலுவானது. மிஞ்சும் நான்காவது எலக்ட்ரான் தளம் முழுதும் பரவி மின்சாரத்தைக் கடத்துகிறது. தளங்களுக்கு இடையே 0.335 நானோமீட்டர் இடைவெளி. அவற்றைப் பிடித்திருப்பது மெல்லிய வான்டர்வால்ஸ் விசை. பென்சில் தாளில் வழுக்குவது இந்த இடைவெளியால்தான். ஒற்றைத் தளத்தைப் பிரித்தால் கிராஃபீன். அதே தளம் குழலாகச் சுருண்ட அமைப்பு நானோகுழாய். இடையே ஐங்கோணங்கள் புகுந்து வளைந்து மூடிக்கொண்டால், 1985-இல் கண்டறியப்பட்ட 60 அணுக் கூண்டு.

இனி நம் மண்ணின் செய்தி. 2020-இல் பக்கத்து வேலூரின் வி.ஐ.டி. ஆய்வாளர்கள், கீழடி அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளின் உட்புறக் கரும்பூச்சில் ஒற்றைச் சுவர், பல சுவர் நானோகுழாய்கள் இருப்பதாக 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் அறிவித்தார்கள். ஓடுகளின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு. தாவரச் சாறு பூசப்பட்ட கலங்கள் உயர்வெப்பத்தில் சுடப்பட்டபோது இவை உருவாகியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. இக்காலத்திலும் தாவரப் பொருளான கற்பூரத்தின் ஆவியை உலோக வினையூக்கியின் மீது சிதைத்து நானோகுழாய் வளர்க்கிறார்கள். ஆகவே தாவரத்திலிருந்து குழாய் என்பது விந்தை அன்று. வெப்பமும் வினையூக்கியும் கூடிவந்தால் நடக்கக்கூடியதே.

இதைக் கொண்டு நம் முன்னோர் நானோ அறிவியல் அறிந்திருந்தார்கள் என்று மேடைகளில் முழங்குகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. குயவர் அறிந்திருந்தது பூச்சையும் சூளையையும், உதிராத கருமையையும். அந்தத் தொழிலறிவே பெரிது. அதற்கு இரவல் பெருமை தேவையில்லை. உண்மையில் நம் முன் நிற்கும் கேள்விகள் வேறு. எந்தத் தாவரம்? எவ்வளவு வெப்பம்? களிமண்ணில் இருந்த இரும்பு வினையூக்கியாக நின்றதா?

இவற்றுக்கு விடை தேடும் கருவிகளில் ஒன்று நம்மவர் சி.வி. ராமன் 1928-இல் கண்ட ஒளிச்சிதறல். பிணைப்பு மாறினால் நிறமாலை மாறும். வைரத்தின் கோடு 1332 செ.மீ.⁻¹-இல், கிராஃபைட்டின் கோடு 1580 செ.மீ.⁻¹-ஐ ஒட்டி.

இளம் ஆய்வாளர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். கொடுமணல், ஆதிச்சநல்லூர் ஓடுகளையும் தொல்லியல் துறையின் இசைவோடு இதே முறையில் ஆராயுங்கள். ஒரு குயவரை உடன் வைத்துக்கொண்டு சூளை மூட்டிச் சுட்டுப் பாருங்கள். குழாய் கிடைக்காவிட்டாலும் அந்த முடிவை மறைக்காமல் வெளியிடுங்கள்.