வண்டி வாங்கியாச்சு, ஆயில் குச்சியை யார் பார்ப்பது?

(வாகனக் கடன் பெற்ற குழுக்களின் ஊக்குநர்கள், பிரதிநிதிகள் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



நாம் இருக்கிற மாவட்டம் நாமக்கல். லாரிக்குப் பாடி கட்ட எங்கெங்கோ இருந்து இங்கே வருகிறார்கள். திருச்செங்கோட்டு போர் வண்டி போகாத மாநிலம் இல்லை. அப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்த நம்மில் எத்தனை பேர் ஒரு வண்டியின் பானெட்டைத் திறந்து பார்த்திருக்கிறோம்? கை தூக்கச் சொன்னால் மூன்று பேர் தூக்குகிறீர்கள். அதில் ஒரு அக்கா, "எங்க வீட்டுக்காரர் திறந்தப்போ டார்ச் பிடிச்சேன்" என்கிறார். சரி, அதையும் கணக்கில் சேர்த்துக் கொள்வோம்.

இப்போது நம் குழுக்களில் பலர் சேர்ந்து கடன் எடுத்து குட்டி யானை வாங்கியிருக்கிறீர்கள். காய்கறி, ஹாலோ பிளாக், தீவனம், மலையிலிருந்து அன்னாசி, பலா என்று ஓடுகிறது. சிலர் வாடகைக் கார் விடுகிறார்கள். ஆர்.சி. புத்தகத்தில் நம் பெயர் இருக்கிறது. தவணை நம் கையிலிருந்து போகிறது. ஆனால் வண்டிக்குள் என்ன நடக்கிறது என்பது டிரைவருக்கும் மெக்கானிக்குக்கும் மட்டும்தான் தெரியும். சங்கப் பணத்தில் பத்து ரூபாய் குறைந்தால் ரொக்கப் புத்தகத்தைப் புரட்டுகிறோம். லட்சக்கணக்கில் கடன் வாங்கி எடுத்த வண்டியில் ஆயில் குறைந்தால் யாருக்கும் தெரியவில்லை. இது சரியா?

நம் பகுதியில் ஒரு குழுவுக்கு நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். ஐந்து பேர் சேர்ந்து பழைய குட்டி யானை ஒன்று வாங்கினார்கள். சோளக்காடு சந்தையிலிருந்து சரக்கு ஏற்றிக் கொண்டு வருவதுதான் வேலை. கொல்லிமலை ரோடு உங்களுக்குத் தெரியும், 70 கொண்டை ஊசி வளைவு. ஒரு நாள் டிரைவர் தம்பி வந்து, "அக்கா, வளைவில திரும்பும்போது ஆயில் லைட் மினுக்குது, நேரா வந்தா அணைஞ்சிடுது" என்று சொல்லியிருக்கிறார். அணைகிறதே, அப்புறம் என்ன என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். அந்த வாரமே ஏற்றத்தில் இன்ஜினுக்குள் டக டக என்று தட்டும் சத்தம் வந்து, அப்படியே ஜாம் ஆகி நின்றுவிட்டது. கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ரிப்பேர் செலவு நான்கு மாதத் தவணைக்கு மேல். வண்டி ஓடாவிட்டாலும் தவணை நிற்குமா? சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டினார்கள். மகள் கல்லூரிச் செலவுக்கு உள்கடன் கேட்டு வரிசையில் இருந்த ஒரு அக்காவுக்கு அந்த முறை கடன் இல்லை என்று ஆனது. அந்த வருத்தம் குழுவுக்குள் இன்னும் இருக்கிறது.

பிரித்துப் பார்த்த மெக்கானிக் என்ன சொன்னார் தெரியுமா? ஆயில் ரொம்பக் குறைந்து போயிருந்தது. அடியில் இருக்கும் டிரெய்ன் நட்டின் வாஷர் தேய்ந்து, சொட்டுச் சொட்டாக வடிந்திருக்கிறது. சில ரூபாய் வாஷர். ஆயில் குறைவாக இருக்கும்போது வண்டி வளைவில் சாய்ந்தால் உள்ளே இருக்கிற ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். பம்பு உறிஞ்ச ஆயில் இருக்காது. அதைத்தான் அந்த லைட் மினுக்கி மினுக்கிச் சொன்னது.

டிரைவரைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. அந்தத் தம்பிக்கு நடைக்கு இவ்வளவு என்று கூலி. அவர் சொல்லவும் செய்தார். கேட்க வேண்டியவர்களுக்கு அது என்ன லைட் என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே வாரத்தில் ஒரு நாள், காலையில் வண்டி கிளம்பும் முன், பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மெக்கானிக் வேலை பார்க்கச் சொல்லவில்லை. பார்க்கத்தான் சொல்கிறோம்.

முதலில் நம் உடம்புக்குப் பாதுகாப்பு. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகுங்கள். சுடிதார் என்றால் துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள். பின்னலைச் சுருட்டிக் கொண்டை போடுங்கள். தாலிச் சரடு, செயின் வெளியே தொங்கக் கூடாது, ரவிக்கைக்குள் விட்டு ஊக்குப் போடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஓடுகிற ஃபேன் பெல்ட் ஒரு நூலைப் பிடித்தால் போதும், ஆளையே இழுக்கும். பல வண்டிகளில் ரேடியேட்டர் ஃபேன் கரண்டில் ஓடுவது. இன்ஜினை நிறுத்திய பிறகும் சூடு இருந்தால் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். அதனால் நிறுத்திவிட்டோமே என்று கையை விடாதீர்கள். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, சாவியை எடுத்து நம் கையில் வைத்துக் கொள்ள வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டுப் பார்க்கவே கூடாது, அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

இப்போது ஆயில் குச்சி. காரில் பானெட்டைத் திறந்தால் தெரியும். குட்டி யானையில் சீட்டைத் தூக்கினால்தான் இன்ஜின். குச்சியின் தலையில் வளையமோ பிடியோ இருக்கும். இன்ஜினை நிறுத்திப் பத்து நிமிடமாவது ஆகியிருக்க வேண்டும், அப்போதுதான் மேலே போன ஆயில் கீழே இறங்கும். குச்சியை உருவி, பனியன் வேஸ்ட்டால் சுத்தமாகத் துடையுங்கள். திரும்பவும் முழுதாக உள்ளே விட்டு எடுங்கள். முதல் தடவை பார்க்கிற அளவு கணக்கில்லை, இரண்டாவதுதான் கணக்கு. குச்சியில் இரண்டு கோடு இருக்கும். ஆயில் அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். கீழ்க் கோட்டுக்கு வந்துவிட்டால் கொஞ்சமாக ஊற்றி, சற்று நேரம் விட்டு, மறுபடி பாருங்கள். அதிகமாகவே இருக்கட்டும் என்று மேல் கோட்டுக்கு மேலே ஊற்றினால் அதுவும் கெடுதல். உள்ளே சுற்றுகிற கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரை இன்ஜினைக் காப்பாற்றாது.

டீசல் வண்டியில் ஆயில் கறுப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம். மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். ஆனால் பால் ஊற்றின காபி மாதிரி இருந்தால் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீர்கள். ஆயிலோடு தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டும். எந்த ஆயில் ஊற்றுவது என்பது வண்டியோடு தருகிற புத்தகத்தில் இருக்கிறது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளுக்கு ஆயில் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். "எல்லாம் ஒண்ணுதான்க்கா" என்று கடையில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், புத்தகத்தைக் காட்டிக் கேளுங்கள்.

டேஷ்போர்டில் மூக்கு வைத்த கெண்டி மாதிரி ஒரு சிவப்புப் படம் வரும். அதுதான் அந்த லைட். ஓடும்போது எரிந்தாலோ மினுக்கினாலோ ஓரம் கட்டி உடனே இன்ஜினை நிறுத்த வேண்டும். வீடு போய்ச் சேர்ந்து பார்த்துக்கலாம் என்பது ஆகாது.

அடுத்தது ரேடியேட்டர் தண்ணீர். குக்கரில் விசில் அடங்கும் முன்னால் மூடியைத் திறப்போமா? இதுவும் அதே குக்கர்தான். உள்ளே அழுத்தம் இருப்பதால் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. மூடியைத் திருகிய நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும். அந்தச் சூட்டில் தோல் வழண்டுவிடும். ஆகவே காலையில், இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது மட்டும்தான் மூடியில் கை வைக்க வேண்டும். பெரும்பாலும் மூடியைத் திறக்கவே தேவையில்லை. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும், அதிலும் இரண்டு கோடு, வெளியிலிருந்தே பார்க்கலாம். குறைந்தால் கூலண்ட் ஊற்றுங்கள். நம் ஊர் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். அந்தத் தண்ணீரைக் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு ரேடியேட்டருக்குள்ளும் படிந்து அடைத்துவிடும். மலைப்பாதையில் நடுவழியில் வேறு வழியே இல்லை என்றால் நல்ல தண்ணீர் ஊற்றிக் கீழே இறங்கலாம். ஆனால் அதற்கு முன் அரை மணி நேரமாவது இன்ஜின் ஆற வேண்டும். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். இன்னொன்று, கூலண்ட் பார்க்கக் கலர் சர்பத் மாதிரி இருக்கும், இனிக்கவும் செய்யும். அது விஷம். மிச்சத்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வீட்டில் வைக்கவே வைக்காதீர்கள்.

பிரேக் ஆயில்தான் எங்களுக்கு ரொம்பக் கவலை தருவது. ஒரு சின்ன டப்பாதான், எட்டிப் பார்த்தால் போதும். அது தானாகக் குறையாது. குறைந்தால் பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது, இல்லை எங்கோ ஒழுகுகிறது. ஊற்றி நிரப்பிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது, காரணத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். நாள்பட்ட பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் கொள்ளும். சோளக்காட்டிலிருந்து காரவள்ளிக்கு பாரத்தோடு இறங்கும்போது பிரேக்கை விடாமல் மிதித்தால் சூடேறி அந்த ஈரம் கொதிக்கும், ஆவியாகும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. பல கம்பெனிகள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கின்றன. உங்கள் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து மாற்றச் சொல்லுங்கள். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று டிரைவரிடமும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பிரேக் டப்பாவில் இன்ஜின் ஆயிலை ஒரு சொட்டுக்கூட ஊற்றக் கூடாது. உள்ளே உள்ள ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

பேட்டரிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூடி போட்ட பழைய மாதிரி என்றால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். தீக்குச்சி, பீடி பக்கத்தில் வரக் கூடாது, அதிலிருந்து வரும் வாயு வெடிக்கும். உலோக வளையலைக் கழற்றிவிட்டுத் தொடுங்கள். ஆசிட் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

டயர் மாற்றுவதை டிரைவர் பார்த்துக்கொள்வார். ஆனாலும் ஒன்று. ஜாக்கி மேல் மட்டும் நிற்கிற வண்டிக்கு அடியில் யாரும், எதற்காகவும், தலையை விடக் கூடாது. உருண்டுபோன நட்டை எடுக்க ஒரு நிமிடம்தானே என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள்.

மாற்றி எடுத்த பழைய ஆயிலை வேலி ஓரம் ஊற்றுவது, கரையானுக்குக் கதவு நிலையில் பூசுவது, மாட்டுப் புண்ணுக்குத் தடவுவது எல்லாம் நம் ஊரில் வழக்கம். வேண்டாம். தோலில் தொடர்ந்து பட்டால் புற்றுநோய் வரை கொண்டுபோகக் கூடியது, கிணற்றையும் கெடுக்கும். மெக்கானிக் ஷெட்டில் சேர்த்து வைக்கும் பீப்பாயில் ஊற்றச் சொல்லுங்கள்.

மின்சாரக் குட்டி யானை 2022-ல் வந்துவிட்டதே, அதற்கு இதெல்லாம் உண்டா என்று ஒரு தங்கை கேட்டார். இன்ஜின் ஆயில் கிடையாது. பிரேக் ஆயில் உண்டு. ஆரஞ்சு நிற வயர் எதையும் நாம் தொடக் கூடாது.

இனி வண்டி நோட்டு. தீர்மான நோட்டு, சேமிப்பு நோட்டு, கடன் லெட்ஜர் எழுதுகிற கைக்கு இது பெரிய வேலை இல்லை. தேதி, ஓடிய கிலோமீட்டர், குச்சியில் ஆயில் எங்கே நின்றது, எவ்வளவு ஊற்றினோம், பார்த்தவர் கையெழுத்து. இவ்வளவுதான். நோட்டு இருந்தால் ஆயில் மெதுவாகக் குறைகிறதா, திடீரென்று குறைகிறதா என்று தெரிந்துவிடும். அந்தக் குழுவிடம் நான்கு வாரக் கணக்கு இருந்திருந்தால் வாஷர் மாற்றுவதோடு போயிருக்கும். பார்க்கிற வேலையை ஊக்குநர் தலையிலேயே கட்டாமல் சுற்று முறையில் வையுங்கள். "பொம்பளைங்க இன்ஜினைப் பார்க்கிறாங்களாம்" என்று டீக்கடையில் சிரிப்பார்கள். அந்தக் கடையில் சிரிக்கிறவர் யாரும் நமக்குத் தவணை கட்டப் போவதில்லை.

ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிற சகோதரிகளுக்கும் ஒரு செய்தி. எல்.எம்.வி. லைசென்ஸ் இருந்தால் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. விருப்பம் உள்ளவர்கள் இன்றே பெயர் கொடுங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது வண்டி நோட்டைக் கொண்டு வாருங்கள். முடிந்தால் வண்டியையும். காலை 9 மணிக்கே வந்துவிட்டால் இன்ஜின் ஆற நேரம் இருக்கும். பனியன் வேஸ்ட் நாங்கள் கொண்டு வருகிறோம், சோப்பு மட்டும் நீங்கள் எடுத்து வாருங்கள்.